மீசைக்கு இரண்டு லாரி பனி

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு பூர்கி. நிமிரவே முடியல."

ஆல்பன் சோபாவில் கவிழ்ந்து கிடந்து முனகினான். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆகஸ்ட்ல இங்க நம்ம ஊர் மாதா ஊர்வலத்துக்கு வாண்ணேன்னு கூப்பிட்டப்போ எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் பிடிச்சுக்கிச்சு. சாமி கும்பிடக் கூப்பிட்டாத்தான் இந்தக் குடும்பத்து ஆம்பளைங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வருது."

அவள் போய்விட்டாள். நவம்பர் ஒன்று, அனைத்துப் புனிதர் திருநாள். இரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கு மொத்தமும் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும். பூர்கியின் அப்பா அம்மா கல்லறை அவள் பிறந்த ஊரான கிராபெர்க்கில் இருந்தது.

கார் சத்தம் அடங்கியதும் ஆல்பன் துள்ளி எழுந்தான். கண்ணாடி முன் நின்று முள்கரண்டியால் மீசையை வாரினான். பெயர் செதுக்கிய மான்கொம்புச் சீப்பு ஒன்று வைத்திருந்தான். மார்ச்சில், சீசனின் கடைசி நாள் உள்ளூர்ப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் குப்புற விழுந்தபோது அது பனியில் தொலைந்துபோனது. அன்றிலிருந்து முள்கரண்டிதான்.

முப்பது வருஷத்து மீசை. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

பனிச்சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் மோசாவ் ஊர் லிஃப்டுக்கு ஆல்பன் பொறுப்பு. கிராபெர்க் லிஃப்டுக்குப் பூர்கியின் அண்ணன் வின்சென்ஸ் பொறுப்பு. இந்தக் குளிர்காலத்தில் யார் முதலில் திறப்பது என்று பியர் மேசையில் மச்சான்கள் இருவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்றவன் சர்ச் வாசலில், பேண்டு வாத்தியம் முழங்க, மீசையை எடுக்க வேண்டும்.

நவம்பர் தொடக்கத்தில் வானத்தை நம்பி யாரும் லிஃப்ட் திறப்பதில்லை. போன வருஷத்துப் பனியை மலைபோலக் குவித்து, மேலே மரச்சீவலைக் கனமாகப் போர்த்தி, கோடை முழுக்கக் காப்பாற்றி வைப்பார்கள். அக்டோபரில் ஆல்பன் தன் குவியலைப் பிரித்தபோது பின்பக்கம் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. வெயில் தின்றுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டான். இருந்ததைப் பரப்பியதில் சரிவின் கடைசி இருபது மீட்டருக்குப் பனி இல்லை. அங்கே ஒரு மாடு நின்று நிம்மதியாகப் புல் மேய்ந்தது.

வின்சென்ஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறான். சனிக்கிழமை திறந்தால் மீசை பிழைக்கும்.

"வின்சென்ஸ்கிட்ட தேவைக்கு மேலயே பனி கிடக்கு முதலாளி" என்றான் ரோகுஸ், சரிவைச் சமன் செய்யும் வண்டியின் டிரைவர். "ரெண்டு லாரி போனா அவருக்குத் தெரியவே தெரியாது."

கிராபெர்க் குவியல் கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே, மரங்களுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்திலேயே வின்சென்ஸின் மண்வாரி வண்டி, சாவியோடு.

"சாவியை யாராச்சும் இப்படி விட்டுட்டுப் போவாங்களா? ஊரே திருடனா இருக்கு" என்று அங்கலாய்த்துக்கொண்டே ஆல்பன் அதில் ஏறினான்.

மேலே பேண்டு வாசித்தபோது அள்ளினார்கள். ஜெபம் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் தொப்பியையும் கழற்றினார்கள். ஒலிபெருக்கியில் ஃபாதர் இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

"நாலு பேர் முடிஞ்சுது" என்றான் ரோகுஸ். "இந்த வருஷம் ஊர்ல சாவு கம்மி. சீக்கிரம் முடிச்சுடுவாரு."

"போன வருஷம் பதினொண்ணு. அப்பவே வந்திருக்கணும்."

கடைசிப் பாட்டில் இரண்டாவது லாரியும் நிறைந்தது. மரச்சீவலைத் திரும்பப் பழையபடி போர்த்தி, மண்வாரியை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

இருட்டுவதற்குள் மோசாவில் மாட்டை விரட்டிவிட்டுப் பனியைப் பரப்பி முடித்தாயிற்று. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. ஆல்பன் மீசையை நீவி விட்டுக்கொண்டான். அப்போது பூர்கியின் கார் வந்து நின்றது. சட்டென்று இடுப்பில் கை வைத்துக் குனிந்தான்.

"படுக்கையில இல்லாம இங்க என்ன பண்றீங்க?" பூர்கி கையில் ஒரு பையோடு இறங்கி வந்தாள். "அட, பனி முழுசா வந்துடுச்சே! எங்கிருந்து?"

"அது... பின்னாடி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

ரோகுஸ் வானத்தைப் பார்த்தான்.

பூர்கி இரண்டடி நடந்தாள். குனிந்து, மாடு மேய்ந்த இடத்தில் புதிதாகக் கொட்டிய பனியில் நீட்டிக்கொண்டிருந்த எதையோ பிடுங்கினாள். மான்கொம்புச் சீப்பு. ஆல்பன் என்ற பெயர் மங்காமல் இருந்தது.

"நான் சொன்னேன்ல? மார்ச்சுல நீங்க விழுந்தீங்களே, நம்ம பனியிலதான் எங்கயாவது கிடக்கும்னு. கிடைச்சுடுச்சு பாருங்க!"

ஆல்பன் சீப்பை வாங்கினான். மீசையை வாரத் தூக்கிய கை பாதியில் நின்றது.

ரோகுஸ் அவன் காதருகே வந்தான். "முதலாளி, அப்போ நாம திருடிட்டு வந்தது நம்ம பனியையேவா? போலீசுக்குப் போவோம் முதலாளி."

"போய்? சீப்பு எங்க கிடைச்சுதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" பூர்கி பைக்குள் கையை விட்டாள். "உங்க இடுப்பைச் சொன்னதும் அண்ணன் ஒரு மாதிரி முழிச்சாரு. அப்புறம் இந்தத் தைலத்தைக் கொடுத்தனுப்பினாரு. ஆகஸ்ட்ல அவர் இடுப்புக்கு அண்ணி வாங்கினதாம்."

டப்பாவின் சீல் இன்னும் பிரிக்கப்படவே இல்லை.