ஈசான மூலைத் தூண்

குடியிருப்போர் சங்கத் தலைவர் திருவேங்கடத்தின் கைப்பேசியில், உலகத்தில் எங்கே பூமி அதிர்ந்தாலும் சங்கு ஊதும். ஊதிய மறுநிமிடம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அறிக்கை வரும்: 'சுமத்ரா, 5.1. நம் கட்டடம் என் கண்காணிப்பில் உள்ளது.' அதே தலைவர்தான், வாஸ்துக்காரர் சொன்னாரென்று, தன் தரைத்தளத்து வீட்டின் ஈசான மூலையில் நின்ற தூணைச் சென்ற வாரம் இடித்து எடுத்தார். நேர் மேல்வீட்டு அமுதவல்லி, தன் சுவரில் விழுந்த விரிசலைப் படமெடுத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு இறங்கி வந்தாள். "நீங்க தூணை எடுத்த அன்னிக்கு வந்தது சார். இப்ப என் விரலே உள்ள போகுது. படுத்த படுக்கையா மாமியாரை வச்சிருக்கேன்." அவர் படத்தைப் பார்க்கவில்லை, தன் திரையைத்தான் தள்ளிப் பார்த்தார். "அந்தமான்ல நாலு புள்ளி ரெண்டு. அதோட வேலை இது. ஏம்மா, ரிக்டர்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" "தூண்னா என்னன்னு தெரியும் சார்." அவர் பதில் சொல்லுமுன் தலைக்கு மேலே நீளமாக ஏதோ முறிந்தது. சிமென்ட் தூள் அவர் வழுக்கையில் உதிர்ந்தது. "யாராவது வாங்களேன், அத்தையைத் தூக்கணும்!" என்று அலறியபடி அமுதவல்லி படியேறி ஓடினாள். தலைவர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அது ஊதவில்லை. "கத்தி ஊரைக் கூட்டாதே!" என்று அதட்டிவிட்டு, குழுவில் தட்டினார்: 'எங்கும் அதிர்வு பதிவாகவில்லை. அனைவரும் அவரவர் வீட்டிலேயே இருக்கவும்.' முதல் ஆளாக நாலாவது மாடிக்காரர் கும்பிடும் கைகளை அனுப்பினார்.