ஒரு சொட்டுச் சோதனை

காளையின் விந்தை உறைய வைத்து, உருக்கிப் பார்த்துத் தரம் சொன்ன காலம் போய்விட்டது. இப்போது எடுத்த சூட்டிலேயே ஒரு சொட்டு வைத்தால், உறைந்தபின் தேறுமா என்று இயந்திரம் சொல்லிவிடுகிறது. தேறாத காளை அன்றைக்கே கசாப்பு லாரியில் ஏறும்.

இளங்காளை செவலைக்கு இன்றுதான் முதல் சோதனை. இயந்திரம் சிவப்பு காட்டியது.

"இன்னொருக்கா எடுத்துப் பாக்கலாமுங்களா, டாக்டரம்மா?" என்றான் விந்து பிடிக்கும் பொங்கியண்ணன்.

"மெஷின் பொய் சொல்லாதுங்ணா. நீங்க குழாயைச் சூடு பண்ணித்தான புடிச்சீங்க?"

லாரிக்காரனோடு வாயடித்துக்கொண்டிருந்ததில், பச்சைத் தண்ணீரில் கழுவிய கண்ணாடிக் குழாயை அப்படியே நீட்டியிருந்தான். குளிர் பட்டால் உயிரணுக்கள் துவண்டுவிடும். இதே தப்புக்குத்தான் போன மாதம் ராக்கியப்பனை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

"சூடு பண்ணித்தானுங்க" என்றான்.

லாரிப் பலகையில் செவலை கால் வைக்கவில்லை. ஆட்கள் இழுத்தும் அசையவில்லை.

"நீயே கூப்புடப்பா. நீ கூப்புட்டா மாமனார் ஊட்டுக்குப் போற மாப்பிள்ளையாட்ட வருமே" என்றான் லாரிக்காரன்.

பொங்கியண்ணன் லாரிக்குள் ஏறி நின்று, தினமும் தீவனத்துக்கு அழைக்கிற குரலில் "வா சாமி" என்றான்.

செவலை தானாக ஏறி வந்து, குழாய் பிடித்த அந்தக் கையை நக்கியது.