மணலில் மாட்டாத வண்டி

புது வண்டி மணலில் இறங்கி நின்றுவிட்டது. ஜவஹர் அலி ஆக்சிலேட்டரை இன்னொரு தடவை ஓங்கி மிதித்தார். சக்கரம் சுற்றி மணலை வாரி அடித்ததே தவிர, வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

மீட்டரில் சறுக்கும் கார் படம் ஒன்று மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதை ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். திருவேட்டக்குடிக் கடற்கரையில் படகுகள் கிடந்தன, வலைகள் காய்ந்தன, மனிதர்களைத்தான் காணோம்.

இன்றைக்குப் பார்த்து யாருமே வராமல் போனால் என்ன செய்வது?

பழைய வண்டியும் இதே இடத்தில் மூன்று தடவை புதைந்ததுதான். சொந்தக்காரர் யாரோ தோஹாவில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுப் பற்றவைத்துவிட்டார். மகனால் வர முடியாது, பணம் அனுப்பத்தான் முடியும். பழைய வண்டியை விற்கச் சொல்லிவிட்டு இதை வாங்கிக் கொடுத்தான்.

வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்ட விற்பனையாளர் ராஜ்மோகன் வாசலிலேயே நின்று பாடம் நடத்தினார். சக்கரம் வழுக்கினால் வண்டியே பிடித்துக்கொள்ளுமாம். வளைவில் தடுமாறினால் வண்டியே சுதாரித்துக்கொள்ளுமாம். மலை இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்காமலே நிதானமாக இறங்குமாம். காரைக்காலில் மலைக்கு எங்கே போவது? இந்த ஊரில் இறக்கம் என்றால் அரசலாற்றுப் பாலத்தை விட்டால் வேறு கிடையாது.

ஜவஹர் அலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“இதெல்லாம் ஆஃப் பண்ணியும் வைக்கலாமா தம்பி?”

இந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்றார் ராஜ்மோகன். அந்த நேரம் பார்த்து மகனும் போனில் வந்தான்.

“இனிமே நீங்க மணல்ல மாட்டவே மாட்டீங்க வாப்பா” என்றான். அவன் குரலில் அத்தனை நிம்மதி.

மனைவி ரோஷன் பேகம் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அத்தனை பெரிய வீட்டில் இப்போது ஜவஹர் அலி ஒருவர்தான். வாசல்வரை வருகிறவர்கள் தண்ணீர் கேன் போடுகிறவரும் சிலிண்டர் போடுகிறவரும். இரண்டு பேருக்கும் எப்போதும் அவசரம். மகன் தினமும் அழைப்பான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பான், வைத்துவிடுவான். அவனையும் குறை சொல்ல முடியாது.

பேச ஆள் இல்லாத வீடு மனிதனைத் தின்றுவிடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும், காற்று வாங்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிடுகிறார்.

ஹாரனை அடித்தார். படகு நிழலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை நீளமாக அடித்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் குஞ்சிதபாதம் வந்தார். முன்பு ஊட்டிக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டியவர், இப்போது இந்தக் கரையில் படகு வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பலகையும் கையுமாக மூன்று பேர். அவர்களுக்கும் பின்னால், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே டீக்கடை அஞ்சுகம்.

ஜவஹர் அலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“புது வண்டியுமா பாய்?” என்றாள் அஞ்சுகம்.

“என்னத்தச் சொல்றது. மவன் பேச்சக் கேட்டு வாங்குனேன்” என்றார் அவர்.

மூன்று பேரும் சக்கரத்தடியில் மணலைத் தள்ளிப் பலகையைச் செருகினார்கள். குஞ்சிதபாதம் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். ‘ஆஃப்’ என்று காட்டிக்கொண்டிருந்த மஞ்சள் படம் அணைந்தது. ஜவஹர் அலி ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் பின்பக்கம் போனார். எல்லோரும் கை வைத்ததுதான் தாமதம், வண்டி ஒரு உறுமலோடு மேலே ஏறிவிட்டது.

வந்தது வந்துவிட்டீர்கள், டீ குடிக்காமல் போகக் கூடாது என்று அஞ்சுகம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஜவஹர் அலி பின் சீட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அத்தனையும் எண்ணெயில் பொரித்த இறால் வாடா, சூடுகூட ஆறவில்லை. வீட்டுக்கு வாங்கியது, பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்றார்.

கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து ஆளாளுக்குப் பேசினார்கள். மீன் விலை, மருமகன் அடிக்கும் கூத்து, தோஹாவில் ஜவஹர் அலி முதன்முதலாக ஒட்டகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியது என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஒட்டகக் கதையை அவர்கள் போன மாதமே கேட்டிருந்தார்கள். ஆனாலும் சிரித்தார்கள். ஜவஹர் அலியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அப்போதுதான்.

மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முகம் பழையபடி வாடிப்போனது. வழியனுப்ப வந்த குஞ்சிதபாதம் ஜன்னலில் கையை ஊன்றி, மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

“அடுத்த வெள்ளிக்கெழம சும்மாவே வாங்க பாய், அந்தப் பொத்தான அமுக்கி மாட்டிக்கிட்டுத்தான் வரணும்னு இல்ல.”