தட்டில் இருந்த கை

மருத்துவம் முதலாண்டு படிக்கும் மயில்விழிக்கு உடற்கூறுப் புத்தகத்தில் படித்தது எதுவும் தங்கவில்லை. அதனால் அறைத்தோழி ஃபர்சானா தினமும் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, அவள் கையில் பேனா மூடியால் எங்காவது தொட்டு, "இங்க எந்த நரம்புடி ஓடுது?" என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் அதே இடத்தில் ஒரு கிள்ளு. இப்படியே கை முழுவதும் பாடமாகிவிட்டது.

செய்முறைத் தேர்வில், தட்டில் அறுத்து வைத்திருந்த பிணத்தின் கையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இந்தத் துணைத்தேர்விலும் தோற்றால் ஃபர்சானா மட்டும் இரண்டாம் ஆண்டுக்குப் போவாள். தேர்வாளர் குளோரி, முழங்கைக்குப் பின்னால் நூல் கட்டியிருந்த நரம்பைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். நாம் முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அந்த நரம்பு.

மயில்விழி கண்ணை மூடித் தன் கையை நீட்டினாள். "என் கையில தொட்டுக் கேளுங்க மேடம்."

"நல்லாருக்கே! பேஷண்ட் வந்தாலும் உன் கையத்தான் பாப்பியா? அந்தக் கையத் தொட்டுச் சொல்லு."

கண்ணைத் திறக்காமலே அவள் தட்டுக்குள் கைவிட்டாள். தோல் ரப்பர்போல் விறைத்திருந்தது. எலும்பின் புடைப்பையும் அதன் பின்னாலிருந்த பள்ளத்தையும் தடவிக் கண்டுபிடித்து, நரம்பை விரலால் அழுத்தினாள்.

"ஆ... அல்னர் நரம்பு, மேடம்," என்று, தனக்கே சுரீரென்று பாய்ந்ததுபோல் தன் மறு கையின் சுண்டுவிரலை உதறினாள்.

மதிப்பெண் போடக் குனிந்த தேர்வாளர் நிமிர்ந்து அவள் உதறிய விரலைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ அழுத்தும்மா," என்றார்.