தோளில் இருந்த கை

மூன்றாம் வகுப்புக்கு 'நான் போக விரும்பும் இடம்' என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தேன். இணையத்தில் ஒரு கருவி இருக்கிறது. பின்னணியை நீக்கிவிட்டு ஆளை மட்டும் வெட்டித் தரும். அந்த ஆளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பள்ளிக்குள் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படங்கள்தான்.

பவதாரணியின் படத்தை அவளுடைய மாமா அனுப்பியிருந்தார். அவள் வளர்வது அவர் வீட்டில். பக்கத்தில் நின்ற அவரைக் கருவி நீக்கிவிட்டது. அவள் தோளைப் பிடித்திருந்த கையை மட்டும் அவளுடையது என்று நினைத்து விட்டுவைத்தது.

நிலாவில் நிறுத்தினேன். கையும் வந்தது.

"மிஸ், இவ நிலாவுக்கும் மாமா கையத் தூக்கிட்டுப் போறா!" என்றான் லோகித். வகுப்பே சிரித்தது.

"கடலுக்குள்ள போடுங்க மிஸ்" என்றாள் அவள். மீன்களுக்கு நடுவிலும் கை இருந்தது.

"இன்னும் தூரமா."

சனிக் கோளின் வளையத்தில் வைத்தேன். பிறகு அழிப்பானை எடுத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். விரலோடு சட்டையும் கழுத்தோரமும் கரைந்தன. தேய்ப்பதை நிறுத்தினேன்.

"உன் தோளும் சேர்ந்து போயிடுதே பவி."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போகட்டும் மிஸ். மாமா கூட்டிட்டுப் போக வர்றதுக்குள்ள அழிச்சிடுங்க."