கோர்டனின் தகடுகள்

தகட்டு ஓரத்துப் பிசிறு எடுக்க ஒரு மாதமா? வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகடுகளை வாங்கிக்கொண்டு போனவர் பக்கத்து விமானக் கொட்டகை ஆர்விட். அந்தச் சின்ன விமானத்தளத்தில் சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறந்தவர். பேச்சு மட்டும் வெடுக் வெடுக்கென்று இருக்கும்.

வெர்னாவின் கணவர் கோர்டன் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் கட்டிப் பாதியில் நிற்கும் விமானத்தை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. இறக்கைக்குள் பொருத்தும் அலுமினியத் தகடுகளை அவரே வெட்டி, நீல மையில் எண் போட்டு, ஓரத்துப் பிசிறையும் அரைகுறையாக எடுத்திருந்தார். மிச்சத்தை முடிக்கலாம் என்று அவருடைய சாணைக்கல்லை ஓட விட்டாள். கையில் உறை வேறு.

சத்தம் கேட்டு வந்த ஆர்விட் முதலில் சுவிட்சை அணைத்தார்.

"உறையைக் கழட்டுங்க. சக்கரம் உறையைப் பிடிச்சா விரலையும் சேர்த்து இழுத்துக்கும். அதோட இது இரும்பு தீட்டற கல்லு. அலுமினியம் இதுல அப்பிச்சுன்னா, சூடாகி கல்லே வெடிக்கும். இதுக்குன்னு மெத்துனு இருக்கற நார்ச் சக்கரம் என்கிட்ட இருக்கு."

உங்களுடையதைக் கொஞ்சம் கொடுங்களேன் என்றாள்.

அவர் ஒரு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சக்கரத்தை யாருக்கும் தர்றதில்ல. தகடுகளை நான் எடுத்துட்டுப் போறேன்."

"பத்திரம் ஆர்விட். அதெல்லாம் அவர் கை பட்டது. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவ்வளவுதான்."

ஆர்விட் தகடுகளை ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடுமாம்?

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், ஆகுது என்பார். ஒரு தகட்டுக்குச் சில நிமிஷம் போதுமே என்றார்கள் மற்றவர்கள். பொம்பளை என்றால் இளக்காரம் என்று வெர்னா முடிவு கட்டிவிட்டாள். அடக்கம் நடந்த வாரம் சாப்பாடு சுமந்து வந்த சர்ச் ஜனங்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. தனியாகக் கொட்டகைக்கு வருவாள். ஃபிளாஸ்க் காபியைக் குடித்துவிட்டுத் திரும்புவாள். தகடுகள் இருந்தாலாவது எடுத்துத் தடவிக்கொண்டிருப்பாள். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று அழுகை வந்தது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

ஆர்விட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெட்டியில் கோர்டனின் தகடுகள். கோர்டன் சாணைக்கல்லில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததில், ஓரமெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. பறக்கும்போது விரிசல் அந்தப் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கும். அது அவளுக்கும் தெரியும்.

மேஜையில் அதே அளவில் வெட்டிய புத்தம்புதுத் தகடுகள், வழவழவென்ற ஓரங்களோடு. ஆர்விட் குனிந்து, பழைய தகட்டைப் பார்த்துப் பார்த்து, புதுத் தகட்டில் நீல மையால் எண் எழுதிக்கொண்டிருந்தார். கோர்டனின் அதே சாய்ந்த ஏழு. கோணல் சரியாக வராமல் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

வெர்னா சத்தமில்லாமல் பின்வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வந்தவள் மாதிரி கதவைத் தட்டினாள்.

பெட்டியை மேஜைக்கடியில் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்விட் கை நிறையத் தகடுகளோடு வந்தார்.

"இந்தாங்க. நான் ஓரத்தை லேசா தேய்ச்சதோட சரி. உங்க வீட்டுக்காரர் வேலை அவ்வளவு சுத்தம்."