பன்னிரண்டு வினாடி

“உங்களுக்கு மகன் இருக்கிறானா?” என்ற கேள்விக்கு லாரி ஓட்டுநரின் மூளை ‘இல்லை’ என்றது.

மகன் வெளியே அம்மாவோடு உட்கார்ந்திருந்தான்.

“நீங்கள் பெண்ணா?” என்றதற்கு ‘ஆம்’.

“மீசையப் பாத்தா அப்படித் தெரியலையே,” என்றார் பெரிய டாக்டர். யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட.

விபத்துக்குப் பிறகு கண் திறக்காமல் கிடப்பவர் அந்த ஓட்டுநர். ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காதில் ஒலிக்கும்படி கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஆம் என்றால் கையை வீசுவதாக நினைக்க வேண்டும். இல்லை என்றால் சும்மா இருக்கலாம். நினைத்தால் மூளையில் அந்த இடத்துக்கு ரத்தம் கூடும். படத்தில் அது தெரியும்.

பதில்கள் உளறலாக இருந்தால் உணர்வு இல்லை என்று பொருள். செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது பற்றி மாலையில் அவர் மனைவியிடம் பேசியாக வேண்டும்.

படங்களைக் கணக்கிடும் பெண்ணுக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பன்னிரண்டு வினாடி வரைதான் அவள் ரத்த ஓட்டத்தைத் தேடியிருந்தாள். எல்லோருக்கும் அது போதும்.

அடிபட்ட மனிதருக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தால்தான் என்ன?

இருபத்தைந்து என்று மாற்றினாள்.

திரையைப் பார்த்தவள் சட்டென்று பெரிய டாக்டரிடம் திரும்பினாள்.

“சார், இவரு மெதுவா பதில் சொல்றாரு. அது வந்து சேர்றதுக்குள்ள நாம அடுத்த கேள்விக்குப் போயிட்டோம். மகனுக்குச் சொன்ன ‘ஆம்’தான் சார், ‘பெண்ணா’ங்கற இடத்துல விழுந்திருக்கு.”

ஒவ்வொரு பதிலையும் அதற்கு முந்தைய கேள்விக்கு நகர்த்திப் பார்த்தார்கள். மகன் உண்டு. பெண் இல்லை. லாரி ஓட்டியதுண்டு. இது வீடு இல்லை. ஒன்றுகூடத் தப்பில்லை.

பெரிய டாக்டர் நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கடவுளே என்று உதடு மட்டும் அசைந்தது.

“கடைசிக் கேள்விக்கு?”

அதற்கு மட்டும் பதில் இல்லை. வருவதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்வியை அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

“உங்களுக்கு வலிக்கிறதா?”

உணர்வில்லாதவருக்கு எதற்கு என்று, வலி மருந்தைப் போன வாரமே நிறுத்தியிருந்தார்கள்.

“நாளைக்கு மறுபடி கேட்டுப் பாக்கலாமா சார்?”

அதற்குள் பெரிய டாக்டர் வார்டுக்கு போன் போட்டிருந்தார்.

“மொதல்ல மருந்து போகட்டும்மா. கேள்வியெல்லாம் அப்புறம்.”